பிள்ளை அழும் வரைக்கும்

பிரசவ வார்டு நர்ஸுக்கு உலகத்திலேயே பிடித்த சத்தம், பிறந்த பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம். அது வர ஒரு நொடி தாமதமானாலும் எங்கள் கை சும்மா இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கம்பெனி பஸ்கள் ஓயாமல் ஓடுகிற சாலையை ஒட்டி ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. அங்கே நான் நர்ஸ். பெயர் ஸ்டெல்லா. நீங்களும் இப்படி ஒரு ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டுகிறவர் என்றால், படித்துக்கொண்டே தலையாட்டுவீர்கள். மற்றவர்கள், அடுத்த தடவை எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் படித்துவிடுங்கள்.

புருஷனைவிட முக்கியம்

பிறந்த பிள்ளை மூச்சு விடவில்லையென்றால், அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு சின்ன மாஸ்க்கைப் பொருத்தி, அதோடு சேர்ந்த ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்புவோம். ஆம்பு பேக் என்று பெயர். எங்கள் வார்டில் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொன்றை அமுக்கினால் காற்று பிள்ளைக்குப் போகாமல் நம் முகத்துக்கு வரும். புதிது கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இருக்கிற ஒன்றை வெளியே வைத்தால் போச்சு. அடுத்த சுவர் குழந்தைகள் வார்டு. அங்கே இருக்கிற ஜான்சி, "எங்க கிட்ட ஒண்ணுமே இல்ல, அஞ்சு நிமிஷம் குடேன்" என்று வாங்கிப் போவாள். அந்த ஐந்து நிமிஷம் மறுநாள்தான் முடியும். அதனால் ஒளித்து வைப்போம். துணி மூட்டைக்குள், பழைய பிஸ்கட் டப்பாவில், அலமாரிக்குப் பின்னால், தினம் ஒரு இடம். டியூட்டி மாறும்போது போகிறவர் வருகிறவர் காதில் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும். நான் சேர்ந்த அன்றைக்கே இதைச் சொல்லிக்கொடுத்தவர் மல்லிகா அக்கா. திருநெல்வேலிக்காரர், எங்கள் வார்டின் சீனியர்.

"ஏட்டி, புருசன் எங்க இருக்காருன்னு தெரியலேன்னாக்கூட பரவாயில்ல. இது எங்க இருக்குன்னு தெரியாம டியூட்டிய எடுக்காத."

நிம்மதி வகுப்பு

எங்களுக்கெல்லாம் மன அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று மேலே யாருக்கோ தெரிந்துவிட்டது. ஆள் கொடுப்பார்கள், சாமான் கொடுப்பார்கள் என்று நினைத்தால், ஒரு பயிற்சியாளரை அனுப்பினார்கள். நல்ல மனிதர், மென்மையான குரல். மருந்து ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் எங்களை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பெருக்கித் துடைக்கிற, ஆனால் பிரசவம் பார்க்கையில் எனக்கு இன்னொரு கையாகவே இருக்கிற பச்சையம்மாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"மூச்சை மெதுவா உள்ள இழுங்க. இப்ப ஒரு அறைக்குள்ள போறீங்க. அங்க சத்தமே இல்ல. சின்ன சத்தம்கூட இல்ல. எவ்ளோ அமைதி..." என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் மல்லிகா அக்கா ஏற்கெனவே எழுந்து நின்று வார்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். சத்தமில்லாத அறை என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த மனிதர் பாவம், ஏன் இத்தனை முகமும் வெளிறிப் போச்சு என்று திருதிருவென்று விழித்தார். பச்சையம்மாதான் விளக்கம் சொன்னாள்.

"இன்னா சார் நீ, நிம்மதின்னு சொல்லிட்டு பேஜாரான எடத்துக்கு இட்டுக்கினு போற!"

ஷேர் ஆட்டோவில்

வேலை முடிந்து குன்றத்தூருக்கு வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. தலை ஒரு பக்கம் சாய்ந்து அசையாமல் கிடந்தது. தூங்குகிறது என்று புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. மூச்சு வராத பிள்ளையின் உள்ளங்காலில் சுண்டுவோமே, அதே மாதிரி என் விரல் தானாகப் போய் அந்தப் பிஞ்சுக் காலில் ஒரு சுண்டு சுண்டிவிட்டது. பிள்ளை ஊரைக் கூட்டியது. ஆட்டோ முழுக்க என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரிப் பார்க்க, எனக்கோ அந்த அழுகையைக் கேட்டதும் அப்படி ஒரு நிம்மதி. சிரித்துவேறு தொலைத்தேன். அந்தம்மாவுக்கு வந்ததே கோபம்.

"கஸ்டப்பட்டு தூங்க வச்சிக்கினு வரேன், எழுப்பி வுட்டுட்டு இளிக்கிற? உனக்கு மூள கீள கழண்டுகிச்சா?"

சூப்பர்வைசர் லைனில்

வல்லம் வடகாலிலிருந்து கலைவாணி என்ற பெண் காலையில் வலியோடு வந்தாள். புருஷன் குமார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் போனை என் காதில் வைத்துவிட்டான். மறுமுனையில் அவனுடைய சூப்பர்வைசர். "மேடம், டெலிவரி எப்ப முடியும்? பி ஷிப்ட்டுக்காவது வருவானா?" என்று சரக்கு லாரியைக் கேட்பதுபோலக் கேட்டார். பிள்ளை கம்பெனி ஷிப்ட் கணக்கில் பிறக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சிரிப்பான் என்று பார்த்தால் குமார் சிரிக்கவில்லை. போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"சிஸ்டர், மொதோ புள்ள பொறக்கும்போதே போயிடுச்சி. இந்த தபா ஒண்ணும் ஆவாதில்ல?"

சத்தம் வரவில்லை

ஒன்றும் ஆகாது என்று சொல்ல எந்த நர்ஸுக்கும் வாய் வராது. "சாமிய வேண்டிக்கப்பா" என்றுவிட்டு உள்ளே வந்தேன். சற்று முன்புதான் மல்லிகா அக்கா, ரத்த அழுத்தம் எகிறிப்போன ஒரு கர்ப்பிணியை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸில் அவசரமாகக் கிளம்பியிருந்தார். டாக்டர் மேடம் ஆபரேஷன் தியேட்டரில். வார்டில் நானும் பச்சையம்மாவும்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. நீலம் பாரித்து, துவண்டு, சத்தமே இல்லாமல் வந்தது. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், சளியை உறிஞ்சி எடுத்தேன், காலில் சுண்டினேன். ஊஹூம். "பச்சையம்மா, பேக்!" என்று கத்தினேன். துணி மூட்டையைக் கலைத்தாள். டப்பாவைக் கவிழ்த்தாள். அலமாரியையே நகர்த்தினாள். எங்கும் இல்லை. அக்கா போன அவசரத்தில் என் காதில் இடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஜான்சியக் கேளு, ஓடு!" என்றேன். "அவுங்களாண்ட ஏதும்மா?" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். நான் குனிந்து பிள்ளையின் மூக்கையும் வாயையும் சேர்த்து என் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கிற காற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினேன். கலைவாணி தலையைத் தூக்கி, "ஏன் சிஸ்டர் சத்தம் வரல? ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஊதுவதை நிறுத்தவில்லை.

கதவு படாரென்று திறந்தது. ஜான்சி! அவள் கையில் ஒரு ஆம்பு பேக். தூசி படியாத, நல்ல பேக். "இல்லை இல்லை" என்று எங்களிடம் சாதித்துக்கொண்டு அவளும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள்! கோபப்பட நேரம் ஏது? அவள் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள நான் அமுக்கினேன். மார்பு எழும்பியது. மறுபடி அமுக்கினேன். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு விக்கல், அப்புறம் கூரையைப் பிய்க்கிற அழுகை. பச்சையம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையைச் சமாதானப்படுத்தத் தூக்கினேன். கலைவாணி தடுத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அழ வுடுங்க சிஸ்டர், கேட்டுக்கினே கீறேன்."

திருப்பிக் கொடுத்த கதை

பேக் எங்கே போனது என்று சாயங்காலம் தெரிந்தது. மல்லிகா அக்கா தன் கைப்பையோடு ஆம்புலன்ஸுக்கே எடுத்துப் போயிருக்கிறார். வழியில் பிரசவம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் சண்டை போடத்தான் எழுந்தேன். ஆனால் நான் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நடந்ததைக் கேட்ட அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அதைவிட மோசம். ஜான்சி தன் பேக்கைக் கேட்டு வந்தாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவள். காலில் விழுந்து கொடுக்க வேண்டிய பொருள். நீட்டினேன். அவளும் பிடித்தாள். ஆனால் என் விரல் விடவில்லை. எங்கள் அறையில் இரண்டு பெண்கள் வலியில் இருக்கிறார்கள், ஒன்று போதாது, போதவே போதாது என்று அந்த விரலுக்குப் பட்டுவிட்டது. ஜான்சி இழுத்துப் பார்த்தாள். பிறகு என் கை மேல் தன் கையை வைத்தாள்.

"வுடு ஸ்டெல்லா, எனக்கும் அங்க புள்ளைங்க கீதுங்க."

விட்டுவிட்டேன். எங்கள் உத்தியோகத்தில் தைரியசாலி என்று யாரும் கிடையாது. அடுத்த வார்டில் போய் இரவல் கேட்கத் தெரிந்த பயந்தாங்கொள்ளிகள்தான் உண்டு.