முத்துவீரன் கட்டிய குளிசை

இலங்கையின் ஓப்பநாயக்கவிலிருந்து பஸ்ஸில் அரைமணி தள்ளியிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தமிழ் டொக்டர் ஒருவர் வருகிறார் என்ற செய்தி 1998இல் பரவியபோது, சுற்றியிருந்த தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இரண்டு கோயில்களில் பொங்கல் வைத்தார்கள். மூன்றாம் வாரம், பழைய சிங்கள டொக்டரையே திருப்பித் தரும்படி அதே சாமிகளிடம் வேண்டிக்கொண்டார்கள். சிங்களத்தில் நோயைச் சொல்ல அவர்களுக்குப் பழக்கமிருந்தது. யாழ்ப்பாணத் தமிழில்தான் பழக்கமில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் வரிசைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நூரியா. அங்கே அட்டெண்டன்ட். நம்பர் கூப்பிடுவது, தரை துடைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவள் வேலை. வாயைத் திறப்பதற்கு அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

1992இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கும் மேதாவி என்ற நினைப்புதான். டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம். தோட்டத்து ஆட்களுக்குக் காது மந்தம் என்று தானாகவே முடிவுகட்டி, எல்லோரிடமும் கத்திப் பேசினாள். அவர்களும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார்கள். தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் புஷ்பம் என்ற கொழுந்து பறிக்கும் பெண், மூன்று நாளைக்குக் கொடுத்த பாணி மருந்தைக் குழந்தைக்கு ஒரே நாளில் ஊற்றிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அன்றைக்குச் சரி என்று தலையாட்டினாயே என்று நூரியா பாய்ந்தாள்.

"நீங்க சத்தம் போடுறத நிப்பாட்டுனா போதும்னுதாங்க சரின்னேன்" என்றாள் புஷ்பம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நூரியாவுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு அவள் யாரிடமும் விளங்கியதா என்று கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்பாள். வரிசை நீளுகிறது என்று நர்ஸ்மார் முணுமுணுத்தார்கள். உயிரைவிட வரிசைதானே முக்கியம்.

புதிதாக வந்த யாழ்ப்பாணத்து டொக்டர் சிவகடாட்சம் முதல் நாளே அவளை அறைக்கு வெளியே அனுப்பினார். தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில் துபாஷி எதற்கு என்பது அவர் கட்சி. நல்ல மனிதர், கெட்டிக்கார வைத்தியர். தன்னுடைய தமிழ்தான் தமிழ் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

"என்ன வருத்தம்?" என்று அவர் கேட்டால், என்ன நோய் என்று அர்த்தம். வருத்தம் என்றால் மனக்கவலை என்று மட்டும் அறிந்திருந்த புஷ்பம், புருஷன் குடிப்பதில் தொடங்கி, மாடு செத்தது, தங்கச்சி பேசாமலிருப்பது வரை சொல்லி அழுதாள். முதுகுவலியைச் சொல்ல மறந்து, மனம் லேசாகி வீடு திரும்பினாள். அவளுக்கு மனநோய் என்று டொக்டர் எழுதிவைத்தார்.

அடுத்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முத்துவீரன். அவருக்கு நீரிழிவு. ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்திருந்தது. அந்தக் குளிசையை வெளியில் எடுத்து ஒவ்வொரு நாளும் போடும்படி சொல்லி, டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் குளிசை என்றால் மாத்திரை. தோட்டத்திலோ குளிசம் என்றால் மந்திரித்த தாயத்து. முத்துவீரன் துண்டை நேரே பூசாரியிடம் கொண்டுபோனார். பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த மந்திரத்துக்கும் சளைக்காத கையெழுத்து. பயபக்தியோடு சுருட்டி, செப்புக் குழலில் அடைத்து, முத்துவீரனின் புஜத்தில் கட்டிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, காலில் புண் சீழ்பிடித்த முத்துவீரனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர்.

"போட்டிருக்கேங்க."

"ஒரு நாளும் விடாமலோ?"

"கழட்டவே இல்லைங்க" என்று முத்துவீரன் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார்.

"நான் தமிழிலதானே சொன்னனான்?" டொக்டரின் சத்தம் வாசல்வரை கேட்டது. அதற்கு முத்துவீரன் "சரிங்க" என்றதும் கேட்டது. அந்தச் சரிங்கவின் பொருள் தெரிந்த நூரியா, கூப்பிடாமலே உள்ளே போனாள்.

உங்கள் பேச்சு இவர்களுக்குப் புரியவில்லை என்று ஒரு டொக்டரிடம் அட்டெண்டன்ட் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் கக்கூஸ் கழுவும் முறை அவளுக்கு வரும்.

"டொக்டர், எனக்கே உங்கட பேச்சு பாதி வெளங்குறல்ல. குளிசை எண்டா என்னண்டு எனக்குச் சொல்லித் தாங்க. நான் இவருக்குச் சொல்றேன்" என்றாள்.

சுத்தப் பொய். இரண்டாம் வாரமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் படித்தவர்களுக்குப் பாடம் கேட்பதைவிடப் பாடம் நடத்துவதில்தான் பிரியம் என்பதும் புரிந்திருந்தது. டொக்டர் குளிர்ந்துபோய் விளக்கினார். இவர்கள் அதை மாத்திரை என்பார்கள் என்று அவளும் சாக்கோடு சாக்காகச் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து, கற்றுக்கொள்கிற சாக்கில், அறையிலேயே நின்றாள். நான்கு மாதத்தில் டொக்டர், எங்கே வலிக்கிறது என்று தோட்டத்தார் மாதிரியே கேட்கத் தொடங்கினார். புஷ்பத்தின் முதுகுவலிக்கும் ஒருவழியாக மருந்து கிடைத்தது. முத்துவீரனின் புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது, கால் தப்பியது.

2001இல் டொக்டருக்கு மாற்றலாகி, பிரியாவிடை வைத்தார்கள். தான் வந்தபோது இந்தச் சனத்துக்கு நல்ல தமிழ் விளங்கவில்லை என்றும், பொறுமையோடு பழக்கி எடுத்ததாகவும் அவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நூரியாவும் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே அவர்மேல் பிரியம் உண்டு.

அடுத்த திங்கட்கிழமை மாத்தறையிலிருந்து புதுச் சிங்கள டொக்டர் வந்தார், தமிழ்ப் பரீட்சையில் பாஸ் பண்ணிய சான்றிதழோடு. முதல் நம்பரைக் கூப்பிடுவதற்கு முன்பே நூரியா தனக்கென்று ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், அவர் மேசைக்குப் பக்கத்தில் போட்டாள்.