காற்று ஒழுகும் சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எரிசக்தி மேலாளர் சங்கத்தார் நான் வேலை பார்த்த நூற்பாலைக்கு வந்தார்கள். கோவையைச் சுற்றியிருந்த ஆலைகளில் மின்சாரச் செலவைக் கவனிப்பவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சிறு சங்கம் அது. மாதம் ஓர் ஆலைக்குப் போவோம். அங்கே எது வீணாகிறது என்று சுற்றிப் பார்த்து, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவோம்.

எங்கள் முதலாளியிடம் இதற்கு அனுமதி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"ஏனுங்க, பக்கத்து மில்லுக்காரனை நாமளே கூப்பிட்டு உள்ளே உடறதுங்களா?"

"மிசினைப் பாக்க வரலீங்க. காத்து எங்கெங்க ஒழுகுதுன்னு கேக்க வாராங்க."

"காத்தைக் கேக்கறதுக்கு ஒரு சங்கமுங்களா?"

அறுந்த நூலை அழுத்தக் காற்றாலேயே இணைக்கிற புது இயந்திரங்கள் எங்களுக்கு வரவிருந்தன. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரோ ஓயாமல் ஓடியும் பழைய இயந்திரங்களுக்கே காற்று பற்றவில்லை. இன்னொன்று வாங்க முதலாளி விலை கேட்டிருந்தார். குழாய்க் கசிவை அடைத்தால் இருப்பதே போதும் என்று நான் ஒருவன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்த்தால் புது இயந்திரங்கள் நின்றுவிடும். என் பேச்சுக்கும் அதன்பிறகு அங்கே மதிப்பிருக்காது.

சங்கத்தின் வழக்கம் இதுதான். வார விடுமுறையில் எல்லா இயந்திரங்களும் நிற்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, பேசாமல் நடப்பார்கள். கசிகிற இடம் தானாகச் சீறும். அங்கே அடையாளத்துக்கு ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு நகர்வார்கள்.

அன்று உள்ளே நுழைந்தால் ஒரே இரைச்சல். நூல் அறாமலிருக்க ஈரக்காற்று அனுப்பும் பெரிய விசிறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. போடச் சொன்னது முதலாளியே. அரை மனதாகச் சம்மதித்தவர், இளநீரும் வீட்டுப் பணியாரமும் வரவழைத்து நின்றுகொண்டிருந்தார்.

"வந்தவங்க வேர்த்துக்கிட்டு நிக்கறதுங்களா? அதான் போடச் சொன்னேன்."

மேட்டுப்பாளையம் சாலை ஆலையிலிருந்து வந்திருந்த சங்கச் செயலாளர் சிரித்துவிட்டார். "நாங்க வேர்க்கறதுக்குத்தானுங்க வந்திருக்கோம். நிறுத்திப்போடுங்க."

விசிறிகள் சுழன்று அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அந்தச் சீறல் கேட்டது: முதலில் தலைக்கு மேலே, அடுத்துத் தூணோரம், அப்புறம் வரிசை முழுக்க. முதலாளி பணியாரத் தட்டோடு அப்படியே நின்றார்.

"இத்தனை நாளா இது இப்படியேதான் கத்திட்டு இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க. மில்லு ஓடறப்பக் கேக்காதுங்க," என்றேன்.

தட்டை வைத்துவிட்டு அவரும் கூடவே நடந்தார். கிழிசல் தீர்ந்துபோனபோது தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

"துண்டைக் கிழிச்சா ஊட்டுல திட்ட மாட்டாங்களா?" என்றார் செயலாளர்.

"மில்லையே உங்களை நம்பி உட்டாச்சு. துண்டுக்கென்னங்க."

முதலில் கசிவை அடைப்பது, பிறகுதான் புது இயந்திரங்கள் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. தீபாவளி கழித்துக் குழாய் வேலை தொடங்கியது. எங்கள் பிட்டர்கள் ஒவ்வொரு கசிவாக அடைத்துக் கிழிசலை அவிழ்த்தார்கள். பொங்கலுக்குச் சில நாள் முன்பு புது இயந்திரங்கள் ஓடின. முதல் நாளே முதலாளி கம்ப்ரசர் அறைக்கு வந்து, அழுத்தம் காட்டும் முள்ளை வெகுநேரம் பார்த்தார். முள் இறங்கவில்லை. நடுநடுவே கம்ப்ரசர் ஓய்வுகூட எடுத்துக்கொண்டது.

"புதுக் கம்ப்ரசர்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிப்போடுங்க," என்று கிளம்பியவர், கதவருகே நின்று கேட்டார்: "அடுத்த மாசம் சங்கம் எந்த மில்லுக்குங்க? நானும் வாரேன்."