செருப்பைக் கவனித்த நடிகர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், மலாக்காவில் எங்கள் காஜா பெராங் கோயில் திடலில் நாடகம் போட்டார்கள். படங்களில் வில்லனாக வரும் பெரிய நடிகர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். திரைக்கயிறு என் கையில்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். தொங்கிய கன்னம், கணீர்க் குரல். திரை இடுக்கில் கண் வைத்து, கூட்டத்தின் கால்களையே பார்த்தார்.

"முகம் பொய் சொல்லும் தம்பி. எழுந்து போறவன் கால் முதல்ல செருப்பைத் தேடும்."

முன்வரிசை முழுக்க, மலாய்க்காரிகள் போலக் கெபாயாச் சட்டை உடுத்திய மலாக்காச் செட்டிப் பெண்கள்.

"ஐயா, இவங்க பல தலைமுறைக்கு முன்னாடி இங்க வந்த தமிழர் வம்சம். தமிழ் வராது. மலாய்தான் பேசுவாங்க."

"அடப்பாவி, இப்பவா சொல்றே! மூணு பக்க வசனம் இருக்கே!" கொஞ்சம் யோசித்தார். "செருப்பு மாட்டினாங்கன்னா திரையைப் போட்டுடு. இந்த வயசுல அவமானம் தாங்காது."

வில்லன் தாகத்தில் சாகும் காட்சி வந்தது. வசனம் முழுவதையும் விட்டுவிட்டார். நாக்கு வறண்டவராகத் தரையில் தவழ்ந்தார். வாய் மட்டும் அசைந்தது.

முன்வரிசையில் ஒரு பெண்ணின் கால் அசைந்தது. கயிற்றைத் தளர்த்தப் போனேன்.

அவள் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு மேடையேறி, ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் வாயருகே வைத்தாள்.

"மினும், பாக், மினும்!" 'குடிங்க ஐயா' என்று மலாயில் அதட்டினாள்.

அவர் மடக்மடக்கென்று குடித்தார். என் பக்கம் திரும்பி, "போட்டுடாதே தம்பி!" என்று முணுமுணுத்தார்.

கதைப்படி அவர் சாக வேண்டும். எழுந்து நின்று கும்பிட்டார். திடலே கத்தியது. நானும் கத்தினேன்.

பிறகு அவர் படம் எது வந்தாலும் போனேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் சாவார். அந்த நேரத்தில் என் கால், செருப்பைத் தேடாமல், திரைப் பக்கம் எழப் பார்க்கும்.