அவர் ஓட்டத் தராத வண்டி

திருத்தணி பஸ் நிலையத்தில், சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய பழைய மாணவன் ஒருவன்தான் சொன்னான். "டிராயிங் வாத்தியாரு முனிரத்தினம் பூட்டாரு சார். மாரடைப்பாம்." சித்தூரில் எங்களோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வாயில் 'அடப்பாவமே' என்று வந்தது. மனத்தில் வந்தது, 'அந்த வண்டி இனி யாருக்கு?'

வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். வெல்ல மண்டிக்காரர் கொட்டகையில் கோழிகள் அடைகாக்கும் இடமாகக் கிடந்ததை முதலில் பார்த்தவன் நான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். கேட்டுத் திரும்புவதற்குள் முனிரத்தினம் விலை பேசி வாங்கி, மாடு கட்டி இழுத்துப்போய்விட்டார். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

தன் வீட்டுக் கொல்லையில் எஞ்சினை அக்கு அக்காகக் கழற்றிக் கோணிமேல் பரப்பினார். ஞாயிறு தவறாமல் போவேன். உதவி செய்ய வருகிறேன் என்று அவர் மனைவி கனகம்மா நினைத்திருக்கலாம். நான் போனது குறை கண்டுபிடிக்க. பிரேக் பிடிக்காது என்றேன். கம்பியால் இழுக்கும் பழைய பிரேக்கைக் கழற்றிப்போட்டுவிட்டு, காயலான் கடையில் கிடந்த ராணுவ ஜீப்பின் ஆயில் பிரேக்கை லேத்துப் பட்டறையில் கடைந்து பொருத்தினார். மலையேறினால் கொதிக்கும் என்றேன். அதே ஜீப்பின் பெரிய ரேடியேட்டரும் வந்து சேர்ந்தது. "நீ குத்தம் சொல்லிக்கினே இரு, நான் சரி பண்ணிக்கினே இருக்கறேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

வண்டி கொதிக்காமல் திருமலை ஏறினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஆவி வருகிறதா என்று பார்த்தேன், வரவேண்டும் என்றே பார்த்தேன். வழியில் பஸ் ஒன்று புகைந்துகொண்டு நின்றது. எங்கள் வண்டி அதைத் தாண்டிப் போயிற்று. அவர் மொட்டைத் தலையோடு பெருமாளைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், 'இதை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா சாமி' என்று. இறங்கும்போது, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். "அடுத்த வாட்டி பாக்கலாம்பா" என்றார்.

எப்போது கேட்டாலும் அதே பதில்தான். சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊரே கூட்டம் போட்டுக் கத்திய வருஷங்களில் நாங்கள் வண்டிக்கடியில் கிடந்தோம். கடைசியில் சித்தூர் ஆந்திராவுக்கு, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்று முடிவாக, நான் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே வேலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அன்றும் கேட்டேன். "நீ எந்த ஸ்டேட்ல இருந்தா இன்னா? ஞாயித்துக்கெழம வந்துடு, பாக்கலாம்." எல்லை தாண்டியும் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

காரியத்தன்று சித்தூர் போனேன். குப்பத்திலிருந்து வந்திருந்த அவருடைய சகலை, திருப்பதி வரைக்கும் அந்த வண்டியைத் தானே ஓட்டியதைச் சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. துக்க வீடு என்றும் பாராமல் கனகம்மாவிடம் கேட்டேவிட்டேன், எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் கேட்டேண்ணா. 'ஒருவாட்டி ஓட்டிட்டான்னா அவனுக்கு ஆசை தீந்துபூடும். அப்பறம் நம்ம வூட்டுக்கு எதுக்கு வரப்போறான்?'ன்னாரு."

சாவியை எடுத்துவந்து, ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னார். கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டேன். சகலையே ஓட்டிக்கொள்ளட்டும், அவரை யாரும் ஞாயிறுதோறும் எதிர்பார்த்திருக்கவில்லை. முனிரத்தினம் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஆசை ஒன்றுதான். அதைத் தீர்த்துக்கொள்ள எனக்கு மனமில்லை.