ரொட்டி வண்டிக்கு ஒரு மஞ்சள் கூரை

வர்ணம் அடிக்கும் இடத்திலேயே, அடிப்பதற்குச் சற்று முன்னால், பரப்பைத் தின்னர் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் எதுவும் அதன்மேல் படக்கூடாது. பெயிண்ட் டப்பாவில் அச்சடித்திருந்த விதி இது. கெமிஸ்ட்ரி பட்டதாரி என்ற முறையில் நான்தான் அதை என் கூட்டாளி சலீமுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உரக்கப் படித்துவிட்டால் கடைப்பிடித்த மாதிரிதான் என்ற நம்பிக்கையைப் பின்னாளில் பல அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் மகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த அசிட்டோன் வாசனை என்னை நேராக எண்பதுகளின் கொச்சி மட்டாஞ்சேரியில் கொண்டுபோய் விட்டது. அங்கே அது தனியாக வராது. பக்கத்துக் கிடங்குகளின் சுக்கும் மிளகும் கலந்துதான் வரும். தும்மாமல் ஒரு நாள் வேலை பார்த்ததாக நினைவில்லை.

சலீமும் நானும் கூட்டாக ஃபைபர் கிளாஸில் வண்டிக் கூரைகள் வார்த்தோம். எங்கள் பெயிண்டர் துபாய் போய்விட்டார். அப்போது கொச்சியில் கை தேர்ந்தவர்கள் எல்லோரும் துபாய்தான் போனார்கள். ஆகவே கை தேராத நாங்கள் ஸ்ப்ரே கன்னை எடுத்தோம். முதலில் அதில் தண்ணீர் ஊற்றிச் சுவரில் அடித்துப் பழகினோம். ஒரு சாண் தள்ளி, மணிக்கட்டை வளைக்காமல், நேராகக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் எங்களுக்கு அற்புதமாக வந்தது.

முதல் ஆர்டர் பேக்கரி ஏலியம்மா சேச்சியுடையது. ரொட்டி கொண்டுபோக மூன்று வண்டிகள் வைத்திருந்தார். ஒன்றின் கூரை பிடித்தால் மற்ற இரண்டும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு நான் மாமாவின் சுக்கு மண்டிக்குப் போகவேண்டும்.

மஞ்சள் அடித்து முடித்துப் பார்த்தால், இரண்டு இடங்களில் மட்டும் வர்ணம் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நின்றது. சேச்சி குனிந்து பார்த்தார்.

"இதெந்தா மோனே, என் வண்டிக்கு வைசூரியா?"

"அது ஒரு டிசைன் சேச்சி" என்றான் சலீம்.

"டிசைனை உன் மூஞ்சில போட்டுக்கோ. ஒரு வாரம் தரேன்."

அவர் போனபின் அந்த இரண்டு இடங்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். குழாய் இருந்ததால் எங்கள் பட்டறையான சலீம் வீட்டு முற்றத்திலேயே உரசி, கழுவி, தின்னரால் துடைத்திருந்தோம். தூசிக்குப் பயந்து வர்ணம் மட்டும் காலிக் கிடங்கு ஒன்றில். அங்கே கூரையை ஆளுக்கொரு முனையாகத் தலையில் சுமந்து போயிருந்தோம். உள்பக்கம் கண்ணாடி நார் குத்தும் என்பதால் வழவழப்பான வெளிப்பக்கம்தான் தலைமேல். இரண்டு தலையிலும் காலையில் தேய்த்த தேங்காயெண்ணெய்.

"எடா, இது நம்ம மண்டைடா!" என்று கத்தினான் சலீம்.

எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி தொடங்கினோம். இம்முறை கிடங்கிலேயே துடைப்பது என்று முடிவு. எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெயையும் நிறுத்தினோம். சலீமின் உம்மா வாசலில் மறித்தார்.

"காஞ்ச தலையோட எங்கடா கெளம்புறீங்க? பாக்கறவன் வீட்டுல மய்யித்து விழுந்திருக்குன்னு நெனைப்பான்."

"பெயிண்டு அடிக்கப் போறோம் உம்மா."

"பெயிண்டு அடிக்கறதுக்கும் தலைக்கும் என்னடா?"

கேள்வி நியாயமானது. ஆனால் அன்று கூரையில் எங்கள் முகம் தெரிந்தது. சேச்சி விரலால் தட்டிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு. மழை முழுக்க நனையட்டும், அப்புறம் சொல்றேன்" என்று வண்டியை எடுத்துப் போனார்.

இப்போது அந்தக் கிடங்கில் வெளிநாட்டவர்களுக்குக் காபி விற்கிறார்கள். முற்றத்தின்மேல் மூன்று மாடி விடுதி. தேங்காயெண்ணெய் வழியும் தலைகளையும் தெருவில் காணோம். அந்த மழைக்காலம் முழுவதும், ரொட்டி வண்டியின் சத்தம் கேட்டாலே நாங்கள் ஓடிவந்து கூரையைப் பார்ப்போம். மஞ்சள் அப்படியே இருந்தது. சேச்சியின் பதில் ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலையில் வந்தது: மற்ற இரண்டு வண்டிகளும் கூரையைக் கழற்றிவிட்டு எங்கள் வாசலில் நின்றன.