விசாரணைக்குப் பிறகு கமலாட்சி

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கம். அதன் கூடத்தில் பட்டுநூல் இழைக்கும் வேலை கமலாட்சிக்கு. புருஷன் காமாலையில் போனபிறகு இரண்டு பெண்களையும் அந்த வேலையை வைத்துத்தான் வளர்த்தாள். அங்கே இருந்த பெண்களில் அவளுக்குத்தான் வாய் அதிகம். பக்கத்து ராட்டைக்காரி காந்தாவை வம்புக்கு இழுக்காமல் அவளுக்குப் பொழுது போகாது.

அப்பாதுரை சூப்ரவைசராக வந்தபின் கூடத்தில் பேச்சே நின்றுபோனது. நூலை எடை போடவென்று ஒவ்வொருத்தியாக உள்ளறைக்குக் கூப்பிடுவான், கதவு சாத்திக்கொள்ளும். வெளியே வருகிறவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மற்றவர்களும் குனிந்துகொள்வார்கள். ஒருநாள் அவன் கமலாட்சியின் இடுப்பில் கை வைத்தான். அவனைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து அவளுக்குச் சிக்கு விழுந்த நூலாகவே வந்தது.

சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"புருஷன் இல்லாதவ. நீதாம்மா பதனமா நடந்துக்கணும்" என்றார் அவர்.

அவள் கூட்டுறவு இலாகாவுக்கு மனுப் போட்டாள். அது அறுபத்தொன்பதாம் வருஷம். சில மாதங்கள் கழித்து மதராஸிலிருந்து கலியாணசுந்தரம் என்ற அதிகாரி வந்தார். சங்கத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. தலைவரின் அறை வேண்டாமென்று, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, பெண்களைத் தனித்தனியாக விசாரித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியும் வெளியே வந்துவிட்டாள். காந்தா மட்டும் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவள் முந்தானை நனைந்திருந்தது.

"சொல்லிட்டேண்டி. எனக்கு நடந்ததையும் சேத்துச் சொல்லிட்டேன். வூட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

புகார் உண்மை என்று அதிகாரி எழுதினார். அப்பாதுரையை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அதே வேலைக்கு. அடுத்த மாதம் சங்கம் கூடத்தையே மூடியது.

"பொம்பளைங்கள உள்ள வெச்சிக்கினாதானே இந்தத் தலைவலி?" என்றாராம் தலைவர்.

எல்லாப் பெண்களுக்கும் வேலை போயிற்று. கமலாட்சி மதராஸுக்குப் போய் அதிகாரியைப் பார்த்தாள்.

"சார், தப்பு பண்ணவனுக்கு வேலை இருக்குது. எங்களுக்கு இல்லியே?"

"நடந்தது நிஜமான்னு பாக்கத்தாம்மா என்னை அனுப்பினாங்க. அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

தெருக் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். "உன் மானத்துக்கு எங்க வயித்துல அடிச்சியே" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். விசாரணையில் காந்தா என்ன சொன்னாள் என்பது எப்படியோ அவள் புருஷன் காதுக்கு எட்டியது. அவளைத் தென்னேரியில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

கமலாட்சி அவளைப் பார்க்கப் போனாள். காந்தா வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"நான் சொன்னது தப்புன்னு சொல்லலை, கமலா. ஆனா நீ இங்க வராதே. நீ வந்தா அந்தப் பேச்சும் கூடவே வருது."

வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் வேலை கிடைத்தது. கமலாட்சி கடைசிவரை அங்கேதான் இருந்தாள். கூட வேலை செய்த பெண்களுக்கு அவள் பேர் தெரியும், ஊர் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.