திருப்பதியில் பாஸ்போர்ட், தலையில் சந்தனம்

பாஸ்போர்ட்டில் ஆண் என்று இருப்பதைப் பெண் என்று மாற்ற என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று என்னைப் போன்ற திருநங்கைகள் சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். கூடவே என் பொறாமையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்புக்குக் காரணமே அதுதான்.

நான் யமுனா. சத்தியவேடு பக்கத்துத் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடர். ஏப்ரலில் இரண்டு மாதப் பயிற்சிக்கு வியட்நாம் அனுப்ப என் பெயரை எடுத்தார்கள். மார்ச் முடிவதற்குள் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். என்னிடம் ஒரு பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. பத்தொன்பது வயதில் என் அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, எடுத்துக் கொடுத்தது. அண்ணன் பின்னாலேயே என்னையும் குவைத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்து வரிசையில் நின்றார். அதில் பழைய பெயர், ஆண் என்ற எழுத்து, ஒட்ட வெட்டிய தலை. அதற்கு அடுத்த வருடம் நான் வீட்டை விட்டு வந்தேன். எட்டு வருடமாக அவர் என்னோடு பேசுவதில்லை.

முதல் வேலை, பெண் என்று கலெக்டர் தரும் சான்றிதழும் அடையாள அட்டையும். ஆன்லைனில்தான் விண்ணப்பம். என் தோழி சுமதியும் நானும் ஒரே நாள், ஒரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டோம். அவள் நாகலாபுரம், அதனால் திருப்பதி மாவட்டம். என் ஆதாரில் இருப்பது பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமம், அதனால் சித்தூர். அவளுக்கு ஒரே மாதத்தில் வந்துவிட்டது. எனக்கு நாலு மாதம். தப்பு என்னுடையதுதான். அறுவை சிகிச்சை நடந்ததற்கான ஆஸ்பத்திரி கடிதத்தில் கையெழுத்து இருந்த இரண்டாம் பக்கத்தை ஏற்ற மறந்துவிட்டேன். அதைச் சரி செய்ய சித்தூருக்கு மூன்று நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவள் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே லட்டு படம் வேறு போட்டிருந்தாள். வாழ்த்துகள் என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எனக்கும் சான்றிதழ் வந்ததும், இருவரும் ஆதாரை மாற்றிக்கொண்டு, திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ஒரே நாளில் நேரம் வாங்கினோம். எனக்கு 10.15, அவளுக்கு 10.30. கட்டணம் 1,500 ரூபாய். முதல் நாளே மலைக்குப் போய்விட்டு வரலாம் என்றாள். சான்றிதழ் வந்தால் முடி கொடுப்பதாக இருவருக்குமே வேண்டுதல். சரி என்றேன். அவள் நைனாவும் வருகிறார் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள்.

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை. சத்தியவேட்டில் காலை 5.40 பஸ். அங்கிருந்து நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆந்திராவில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சாதாரண பஸ்ஸில் காசில்லை, ஆதார் காட்டினால் போதும். நாகலாபுரத்தில் இருவரும் ஏறினார்கள். சுமதிக்கு இடுப்பு வரை முடி, அன்றைக்குக் குளித்த ஈரத்தோடு தளரப் பின்னியிருந்தாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஜீரோ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். சத்தியவேட்டில் என்னிடம் வந்தபோது நின்றார். "ஆதார் சூபிஞ்சண்டி." காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு முன்நெற்றி ஏறியிருக்கும், தோள் வரைதான் முடி, மீதி எல்லாம் சவுரி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவளுடைய நைனா கடலை பயிரிடுகிறவர். ஒல்லியான மனிதர், மடியில் மஞ்சள் பை. புத்தூர் வரைக்கும் பையிலிருந்து இட்லிப் பொட்டலங்களை எடுத்து நீட்டிக்கொண்டே வந்தார்.

"துன்னும்மா. மலைக்கு ஏறிட்டா லேட்டாயிடும்."

"பசிக்கல மாமா."

"பசிக்காம எப்டி இருக்கும்? நீ துன்னாதான் இவ துன்னுவா."

சுமதி நாலு வார்த்தைக்கு ஒரு நைனா போட்டுப் பேசினாள். நைனா ஜன்னல் மூடு, நைனா தண்ணி குடு, நைனா அந்தப் பைய புடி. எனக்கு முடி மேல் இருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது. அப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து பெண் என்று எழுதிக்கொள்ளப் போகிறவள் இவள் ஒருத்திதான் இந்தப் பக்கத்தில் இருப்பாள். இதை எழுதும்போதும் எரிகிறது.

திருப்பதியில் மலை பஸ்ஸுக்கு மட்டும் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு, ஆளுக்கு 90 ரூபாய். இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். மலையடிவாரத்து அலிபிரியில் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். பெண்கள் வரிசையில் நில்லுங்கள், கேட்டால் அட்டையைக் காட்டுங்கள், ஒன்றும் ஆகாது. முடி கொடுக்கும் இடத்தில் காசே வாங்க மாட்டார்கள். டோக்கனும் பாதி பிளேடும் கையில் கொடுப்பார்கள், பெண்களுக்குப் பெண்களே மழிக்கிறார்கள்.

சுமதி முதலிலேயே சொல்லிவிட்டாள். "எனக்கு மூணு கத்திரி போதும்." நுனியில் மூன்று வெட்டு, அவ்வளவுதான். பல பெண்கள் அதுதான் கொடுக்கிறார்கள், சாமி கணக்கில் அதுவும் முடிதான். அவள் நைனா தனக்கு மொட்டை என்று ஆண்கள் பக்கம் போனார். மகளுக்குச் சான்றிதழ் வந்தால் தன் தலையைத் தருவதாக வேண்டிக்கொண்டாராம். அதை அவள் என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே, நகைக்கடை டப்பாவைத் திறந்து காட்டுவது மாதிரி.

என் முறை வந்தது. மழிக்கிற அம்மா கேட்டார். "முழு மொட்டையா, மூணு கத்திரியா?"

"முழு மொட்டை" என்றேன்.

பக்தி என்று நினைக்காதீர்கள். முடியில் அவளை ஜெயிக்க முடியாது, கொடுப்பதிலாவது ஜெயிக்கலாம் என்று பார்த்தேன். எட்டு வருடம் எண்ணெய், மாத்திரை, வெங்காயச் சாறு என்று பாடுபட்டு வளர்த்ததை ஏழு நிமிடத்தில் வழித்தாகிவிட்டது. முதலில் சவுரி கையோடு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "இது சாமிக்கு வேணாம்மா, நீங்களே எடுத்துக்கோங்க" என்று மடித்துக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தேன். சுமதி என்னைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"அடிப்பாவி. நாளைக்கி போட்டோடீ!"

பாஸ்போர்ட்டுக்கான படத்தை நாம் கொண்டு போவதில்லை, அங்கேயே உட்கார வைத்து எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? சித்தூருக்கு மூன்று நடை நடந்தவளுக்கு அந்த ஒன்று மட்டும் மறந்துவிட்டது. பழைய பாஸ்போர்ட்டில் ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு பையன். நாளைக்கு அதே முகம், அதில் இருந்த முடியும் இல்லாமல். பெண் என்று எழுதச் சொல்லி நான் நீட்டினால் யார் எழுதுவார்கள்? அடுத்த நேரம் வாங்கி, முடி முளைத்து வருவதற்குள் வியட்நாம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

சுமதியின் நைனா மொட்டையோடு வந்தார். இருபது ரூபாய்க்குச் சந்தனம் வாங்கி வந்திருந்தார். தன் தலையில் பூசிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு அழுதுக்கினு கீற? எரிதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தலயக் குனி."

குனிந்தேன். நெற்றியிலிருந்து பிடரி வரை, காதோரம் விடாமல் அழுத்திப் பூசினார். கரடுமுரடான கை. சந்தனம் சில்லென்று இருந்தது. எட்டு வருடத்தில் ஒரு அப்பாவின் கை என் தலையில் பட்டது அன்றைக்குத்தான், அதுவும் அடுத்தவளுடைய அப்பா.

"நைனா, எனக்கு?" என்றாள் சுமதி.

"உனக்கு இன்னா எரிது? மூணு முடி வெட்டிக்கினு வந்தவளுக்கு."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ரொம்ப சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தரிசனத்துக்கு நாலு மணி நேரம். மாலையில் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் 900 ரூபாய்க்கு ஒரு அறை. மறுநாள் 9.45க்கே பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் இருந்தோம். கூட வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை, அவள் நைனா வெளியே நின்றுகொண்டார். நான் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே உள்ளே போனேன்.

உள்ளே பார்த்தால் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், இரண்டு பேருமே மொட்டை. ஒருத்திக்குக் கல்யாணமாகிக் கையில் மருதாணி கூட அழியவில்லை. படம் எடுக்கிற பெண் என்னைப் பார்த்து ஒரு டிஷ்யூவை நீட்டினாள். "சந்தனம் தொடச்சிக்கோங்கம்மா, லைட் பட்டா மின்னுது." அவ்வளவுதான். முக்காட்டை எடுத்தேன். கேமராவைப் பார்த்தேன். ஒரே தடவையில் முடிந்தது. பக்கத்துக் கவுண்டரில் சுமதியை மூன்று தடவை நிமிர்த்தினார்கள், காது தெரியவில்லை, முடியை ஒதுக்குங்கள், இன்னும் ஒதுக்குங்கள் என்று. நான் அந்தப் பக்கம் திரும்பி நன்றாகவே பார்த்தேன்.

அடுத்தது அதிகாரி. பழைய பாஸ்போர்ட், சான்றிதழ், அட்டை, ஆதார், எல்லாவற்றையும் அசலோடு ஒப்பிட்டார். என்னை ஏறிட்டார்.

"மொக்கு தீரிந்தா அம்மா?" என்றார். வேண்டுதல் முடிந்ததா என்று கேட்கிறார்.

"தீர்ந்துடுச்சு சார்."

"நைனா பேரு?"

சொன்னேன். எழுத்துக்கூட்டித் தட்டினார்.

"கூட வந்திருக்காரா?"

"இல்ல சார்."

தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார். முடியை வைத்துத்தான் என்னைப் பெண்ணென்று நம்புவார்கள் என்று எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் மொட்டை அடித்த பெண்ணைத்தான் யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. 11.20க்கு வெளியே வந்துவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கலெக்டர் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் இருக்க வேண்டும், அதை மாற்றிவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். ஆஸ்பத்திரி கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் ஏற்றுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் அசல் கட்டாயம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போவதற்கு முன் ஒரு தடவை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கும் விலாசத்துக்குத்தான் போலீஸ் விசாரணை வரும். நான் விலாசத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் போன் வந்தது. கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனேன். கான்ஸ்டபிள் பேப்பரை நீட்டிக்கொண்டே சொன்னார். "உங்க வூட்டாண்ட போயிருந்தேன்மா. யமுனா உங்க பொண்ணான்னு உங்க நைனாவ கேட்டேன். பேசவே இல்ல. அப்பறம், சத்தியவேட்ல வேல செய்துன்னாரு." அதையே ஆமாம் என்று எழுதிக்கொண்டாராம்.

மார்ச் 19ஆம் தேதி பாஸ்போர்ட் வந்தது. நைனா வீடு வரைக்கும் நான் போகவில்லை, தபால்காரர் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். முதல் பக்கத்தில் யமுனா, பெண், மொட்டை. பத்து வருடத்துக்கு இதே தலைதான். சுமதிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே போன் செய்தாள், சிரிக்கத்தான் என்று நினைத்தேன்.

"ஏய், காதோரம் பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காதோரம் விரலளவு சந்தனம், துடைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் கூட்டிக்கினு போனேன் எங்க நைனாவ. உன் போட்டோவுல வந்து ஒக்காந்துக்கினு கீறாரு" என்றாள். குரல் கம்மியிருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், பஸ்ஸில் முழு வழியும் எனக்குள்ளே பேசிக்கொண்டு வந்த குரல் அது.

போனை வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே என் நைனாவின் பெயர் இருந்தது.